பொம்மையில் பழகிய கை வாட்டில் அசையுமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன், மகள். ஊர் திருகோணமலை, படிப்பது வெளியூரில், தாதியர் பயிற்சி இரண்டாம் ஆண்டு. வகுப்பில் பொம்மையின் நெஞ்சை அழுத்திக் காட்டிச் சித்தியடைந்து, பதிவுப் புத்தகத்தில் கையெழுத்தும் வாங்கிவிட்டீர்கள். ஐந்து மாதம் கழித்து ஓர் இரவுக் கடமையில், பதினான்காம் கட்டிலில் இருந்தவரின் மூச்சு நின்றபோது, பிரஷர் பார்க்கும் பட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டீர்கள். "தள்ளி நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் செய்தார்கள். அவர் பிழைக்கவில்லை. பொம்மையில் பழகுவதால் பயன் உண்டா, கொழும்பில் கணினிப் பொம்மை வைத்து நடத்தும் தனியார் பாடநெறிக்குக் காசு கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, "அடுத்த தடவை என் கை அசையுமா?" என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே முதலில் பதில் எழுதுகிறேன். காசு விடயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான் 31 வருடம் தாதியாக இருந்தவள். அதில் கடைசி 12 வருடம் மாணவர்களுக்குக் கற்பித்தேன். இப்போது ஓய்வு பெற்று உப்புவெளியில் இருக்கிறேன். பெரியவர்களின் மருத்துவ வாட்டும் அவசர சிகிச்சைப் பிரிவும்தான் என் களம். பிறந்த குழந்தைகள் பிரிவில் வேலை செய்தது எட்டு மாதம் மட்டுமே. சுவாசக் குழாய் போடுவது, மருந்தைத் தெரிவு செய்வது போன்றவை வைத்தியர்களின் பக்கம். அவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தாதியின் கை, வாய், கண் ஆகிய மூன்றும் அந்த முதல் சில நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும், அதை எப்படிப் பழக்குவது என்பதைப் பற்றித்தான் என்னால் தெம்பாகப் பேச முடியும்.

நீங்கள் உறைந்து நின்றது மனத்துணிவு இல்லாததால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுத்தில் அது தெரிகிறது. நான் கண்டவரை காரணம் வேறு. உங்களுக்குப் பழக்கியபோது பொம்மை தரையில் கிடந்தது, நீங்கள் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தீர்கள், எதிரே மதிப்பெண் தாளோடு போதனாசிரியை நின்றார். வாட்டில் அன்றிரவு இருந்தது இடுப்பளவு உயரக் கட்டில், அமுங்குகிற மெத்தை, ஐந்தாறு பேர், பாதி இழுத்த திரை, அதற்கு வெளியே அழுகிற ஒரு மனைவி. அத்தனை பேருக்கு நடுவில் உங்களுக்கு இன்ன இடம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கைக்கு வேலை தெரிந்திருந்தது, எங்கே நின்று அதைச் செய்வது என்பதை ஒருவரும் பழக்கியிருக்கவில்லை. முதல் தடவை அப்படி நின்ற புதிய டொக்டர்மாரையும் நான் கண்டிருக்கிறேன். பின்னாளில் அவர்களில் சிலர்தான் வாட்டிலேயே நிதானமானவர்கள் ஆனார்கள்.

இனி, பொம்மை உறுதியாக எதைக் கற்றுத் தருகிறது என்று பார்ப்போம். நெஞ்சை அழுத்துவதை அதில்தான் கற்க வேண்டும். உயிருள்ள ஆளில் பழக முடியாத வேலை அது. பெரியவர் ஒருவருக்கு ஆழம் குறைந்தது 5 சென்டிமீற்றர், 6-ஐத் தாண்டக்கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இடையில் கையை எடுத்தால் 10 விநாடிக்குள் திரும்ப வைக்க வேண்டும். இவை நீங்கள் மனப்பாடம் செய்த எண்கள். ஆனால் தன் ஆழம் எவ்வளவு என்பது அழுத்துகிறவருக்குத் தெரியாது. வியர்த்து மூச்சு வாங்க அழுத்துகிற பிள்ளை, 5 சென்டிமீற்றர் போகிறது என்று நம்பிக்கொண்டு 3-இல் நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சரியான ஆழத்தில் "டிக்" என்று சத்தம் போடும் பொம்மையோ, விளக்கு எரியும் கருவியோ இருந்தால் அந்த ஏமாற்றம் அன்றே தீரும். பயிற்சியில் இப்படிப்பட்ட அளவு காட்டும் கருவியைப் பயன்படுத்தச் சொல்லிச் சர்வதேச வழிகாட்டல்களும் பரிந்துரைக்கின்றன. சத்தத்தில் ஒரு கெடுதலும் உண்டு. அந்த "டிக்" கேட்பதற்காகவே அழுத்துகிற பிள்ளைகள், கையின் பாரத்தை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு நெஞ்சை எழும்ப விடமாட்டார்கள். நெஞ்சு எழும்பாவிட்டால் இதயத்தில் இரத்தம் நிறையாது. அடுத்த அழுத்தத்தில் வெளியே தள்ள எதுவும் இருக்காது.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் காணவில்லை, தமிழ்ப் பிள்ளைகளோடு பழகியதில் கண்டது. தமிழில் சத்தமாக எண்ணிக்கொண்டு அழுத்தினால் பத்து வரைக்கும் வேகம் நன்றாக இருக்கும். பதினொன்று, பன்னிரண்டு என்று போகும்போது சொல் நீளும். இருபத்தேழு, இருபத்தெட்டு என்று சொல்லி முடிப்பதற்குள் கை சொல்லுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடும். ஒரு நாள் கடிகாரம் பிடித்துப் பார்த்தேன். 30 அழுத்தம் 15 முதல் 18 விநாடிக்குள் முடிய வேண்டும். அந்தப் பிள்ளைக்கு 23 விநாடி எடுத்தது. அதன்பிறகு "ஒன்று முதல் பத்து வரை மூன்று தடவை எண்ணுங்கள், ஒவ்வொரு பத்துக்கும் ஒரு விரலை நான் மடக்குகிறேன்" என்று மாற்றினேன். அதே பிள்ளை அதே பொம்மையில் 17 விநாடியில் முடித்தாள். உங்கள் தோழிகளோடு செய்து பாருங்கள்.

பொம்மை தராத சிலவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உண்மையான நெஞ்சில், வயதானவர்களுக்கு முக்கியமாக, முதல் சில அழுத்தத்தில் விலா எலும்பு முறியக்கூடும். அந்தச் சத்தமும் கைக்குத் தெரிகிற நெகிழ்வும் வந்தவுடன் பிள்ளைகள் பதறி நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது, கையின் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டு தொடர வேண்டும். பொம்மையின் வில் ஒரே மாதிரி எதிர்க்கும், மனித நெஞ்சு அப்படியில்லை. பொம்மை வாந்தி எடுக்காது. பொம்மை கொர் கொர் என்று கடைசி மூச்சும் இழுக்காது. அந்த இழுப்பைப் பார்த்து "மூச்சு இருக்கிறது" என்று நினைத்து நிமிடங்களை வீணாக்குவது நல்ல அனுபவமுள்ளவர்களுக்கும் நடக்கிறது. அழைத்தும் தட்டியும் அசையாதவர், இடைவெளி விட்டு மீனைப் போல வாயைத் திறந்து இழுத்தால், அவர் சுவாசிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மறதி. இதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே குரலில் பேசுகின்றன: ஒரு நாள் பயிற்சியில் கற்ற சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் முறை) திறமை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தேயத் தொடங்குகிறது, சிலருக்கு அதற்கும் முன்பே. நீங்கள் பழகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட நீங்கள் பொம்மையைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அலுமாரியில் பூட்டி, பரீட்சைக்கு மட்டும் வெளியே எடுக்கிற பொம்மையால் யாருக்கு என்ன பயன்? எனக்கு இதில் கோபமே உண்டு. மாணவர்கள் உடைத்துவிடுவார்கள் என்று பயந்து பூட்டி வைக்கிறார்கள். கடைசியில் இறப்பர் நாள்பட்டு வெடித்துத்தான் அது உடைகிறது.

ஒரு நாள் பயிற்சிக்கும் அடிக்கடி செய்யும் சிறு பயிற்சிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டிய இடம், நான் அறிந்தவரை, வட தான்சானியாவின் கிராமப்புறத்தில் உள்ள ஹேடம் வைத்தியசாலை. பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைகளுக்கு உதவுவதற்காக 2010-இல் தொடங்கிய ஒரு சர்வதேசப் பயிற்சித் திட்டம் அங்கே போனது. ஒரு நாள் பயிற்சி முடிந்தபின் தாதியரும் மருத்துவமாதுக்களும் பொம்மையில் மிக நன்றாகச் செய்தார்கள். பிரசவ அறையில் போய்ப் பார்த்தால் அவர்களின் வேலை முறையில் மாற்றமில்லை. பிறகு பிரசவ அறைப் பக்கத்திலேயே பொம்மையை வைத்து, கடமைக்கு நடுவில் சில நிமிடம், வாரந்தோறும் என்று பழக்கினார்கள். அதன்பின் முதல் 24 மணி நேரத்தில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. முந்திய காலத்தையும் பிந்திய காலத்தையும் ஒப்பிட்ட ஆய்வு அது. அந்தக் குறைவு முழுவதும் பயிற்சியால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் உங்கள் கேள்விக்கு இதைவிட நெருங்கிய பதிலை நான் கண்டதில்லை. அந்தப் பொம்மை கணினி எதுவும் இல்லாதது. தண்ணீர் நிரப்பினால் பிறந்த குழந்தையின் பாரம் கைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இதனால்தான் விலையுயர்ந்த பொம்மையைப் பற்றி என் கருத்து நிதானமாக இருக்கிறது. கண் சிமிட்டி, வியர்த்து, "நெஞ்சு நோகிறது" என்று பேசுகிற பொம்மையில் பழகியவர்கள், பயிற்சி முடிகிற நாளில் ஓரளவு கூடுதலாகச் செய்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் நிலைக்கிறது என்று உறுதியாகக் காட்டப்படவில்லை. சி.பி.ஆர். பொம்மையின் பிறப்பே ஒரு விளையாட்டுப் பொருள் செய்கிறவரிடம்தான். வெளியிலிருந்து நெஞ்சை அழுத்தி இரத்தத்தை ஓட வைக்கலாம் என்று அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் 1960-இல் எழுதினார்கள். அதே வருடம் நோர்வேயில் பிளாஸ்டிக் பொம்மை செய்து விற்றுக்கொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால், ஓர் ஆள் உயரப் பொம்மையைப் பயிற்சிக்காகச் செய்தார். பாரிஸில் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முக அச்சு அதன் முகமாயிற்று. உங்கள் வகுப்பில் இருக்கிற பழைய பொம்மையின் முகமும் அதுவாகவே இருக்கலாம், பாருங்கள். உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள் அந்த முகத்தில்தான் கற்றிருக்கிறார்கள்.

2014-இல் அமெரிக்காவில் 10 தாதியர் கல்லூரிகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. வாட்டுப் பயிற்சி நேரத்தில் பாதி வரை மாதிரிப் பயிற்சியாக (பொம்மையும் நடித்துக் காட்டும் காட்சியும் வைத்துப் பழகுவதாக) மாற்றியும், படிப்பு முடிவில் அந்த மாணவர்களின் அறிவிலும் தேர்ச்சியிலும் குறைவு தெரியவில்லை. இதைச் சிலர் "வாட்டுக்குப் போகாமலே தாதியாகலாம்" என்பதுபோல எடுத்துச் சொல்கிறார்கள். அப்படி எடுக்கக்கூடாது. அந்தக் கல்லூரிகளில் பயிற்றப்பட்ட போதனாசிரியர்கள் இருந்தார்கள், போதுமான கருவிகள் இருந்தன, ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் ஒழுங்கான கலந்துரையாடல் நடந்தது. இவை இல்லாத இடத்துக்கு அந்த முடிவைத் தூக்கி வர முடியாது.

அந்தக் கலந்துரையாடல்தான் நம்மிடம் அதிகம் குறைவாக இருப்பது. பயிற்சி முடிந்தவுடன் "நீ இதை விட்டாய், அதை விட்டாய்" என்று எல்லோர் முன்னும் திட்டுவதைத்தான் நாங்கள் கற்பித்தல் என்று நினைத்து வளர்ந்தோம். என்னையும் அப்படித்தான் பழக்கினார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படியே செய்தேன். ஒரு நாள் நான்கு பிள்ளைகள் ஒரு காட்சியைச் செய்தார்கள். தலைமாட்டில் நின்ற பிள்ளை, முகமூடி வழியாக மூச்சுக் கொடுக்கும் அம்பு பையை அழகாக அழுத்தினாள், பொம்மையின் நெஞ்சும் எழும்பியது. ஒட்சிசன் குழாய் மட்டும் சிலிண்டரில் மாட்டப்படாமல் தரையில் கிடந்தது. நான்கு நிமிடமும் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. வாய் வரை வந்த வார்த்தையை அன்று விழுங்கிக்கொண்டேன். முடிந்தபின் வட்டமாக இருத்தி, "நடந்ததை முதலில் இருந்து சொல்லுங்கள், யார் எங்கே நின்றீர்கள்?" என்று கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்த பிள்ளை பாதியில் நின்றாள். குனிந்து தரையைப் பார்த்தாள். "மிஸ், குழாய்" என்றாள். பக்கத்தில் இருந்தவள் மெல்ல, "நான் கண்டேன், அவள் வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்" என்றாள். அந்த ஒரு வசனத்தில் அன்றைய பாடம் முழுவதும் இருந்தது. கண்டதைச் சொல்லாமல் இருப்பது வாட்டிலும் நடக்கிறது, அங்கே ஆள் இறக்கிறார். நான் திட்டியிருந்தால் அந்த வசனம் வெளியே வந்திருக்காது. அன்று முதல் காட்சிக்கு ஐந்து நிமிடம் என்றால் பேச்சுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டேன்.

அம்பு பை என்றதும் இன்னொன்று. ஒட்சிசன் இல்லாவிட்டால் அது வேலை செய்யாது என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். அறைக் காற்றிலேயே 21 சதவீதம் ஒட்சிசன் இருக்கிறது. ஒரு மூச்சை ஒரு விநாடியில், நெஞ்சு எழும்புவது கண்ணில் படுமளவுக்கு மட்டும் கொடுங்கள். சிலிண்டர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலையில் சிலிண்டரைத் திறக்கும் திறப்பு பக்கத்து வாட்டுக்குப் போயிருந்தது. ஒருவர் அதைத் தேடி ஓட, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சிலிண்டரைப் பார்த்து நின்றோம். நானும் நின்றேன். அடுத்த நாள் ஒரு கட்டுத்துணியால் திறப்பைச் சிலிண்டரின் கழுத்தில் கட்டினேன். மாதிரிப் பயிற்சியை உங்கள் சொந்த வாட்டில், சொந்தத் தள்ளுவண்டியோடு செய்யச் சொல்வது இதற்காகத்தான். அவசர மருந்து வண்டியின் எந்த இழுப்பறையில், இதயம் நின்றவருக்குக் கொடுக்கும் அட்ரினலின் மருந்து இருக்கிறது, அதற்குப் பூட்டு உண்டா, திறப்பு யார் இடுப்பில், உறிஞ்சும் கருவியின் குழாய் கட்டிலுக்கு எட்டுமா, குள்ளமானவர் ஏறி நிற்க ஸ்டூல் எங்கே, மெத்தைக்கு அடியில் வைக்கும் பலகை இருக்கிறதா என்பதையெல்லாம் கொழும்பிலுள்ள பொம்மை உங்களுக்குச் சொல்லித் தராது.

நம்முடைய மாவட்டத்தில் மொழியையும் சேர்த்துப் பழக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில், நோயாளியின் வீட்டார் தமிழில், கட்டளை பல நேரம் சிங்களத்தில். அவசரத்தில் ஆள் தன் தாய்மொழிக்குத்தான் திரும்புவார். "அட்ரினலின் எகக் தென்ன" என்று டொக்டர் சொன்னால் ஒன்று கொடு என்பது பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் "நவத்தன்ன" என்றால் நிறுத்து என்பது புதிதாக வந்த பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடாது. இதயத்துக்கு மின்சார ஷொக் கொடுக்கிற நேரத்தில் அது ஆபத்து. நான் பழக்கியபோது ஒரு காட்சியையாவது மூன்று மொழியும் கலந்தே நடத்துவேன். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் சேர்ந்து நின்று செய்வார்கள். விதி ஒன்றுதான். பெயரைச் சொல்லி வேலையைக் கொடுக்க வேண்டும், வாங்கியவர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும், செய்து முடித்ததும் "கொடுத்துவிட்டேன்" என்று உரத்துச் சொல்ல வேண்டும். "யாராவது மருந்தை எடுங்கள்" என்று சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், யாரும் எடுக்கமாட்டார்கள். பட்டியைப் பிடித்தபடி நின்ற உங்களிடம் அன்று ஒருவர் பெயர் சொல்லி, "நீங்கள் நேரம் குறியுங்கள், இரண்டு நிமிடம் ஆனதும் சொல்லுங்கள்" என்று சொல்லியிருந்தால், உங்கள் கை அசைந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அழுத்துகிறவரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். களைப்பு அவருக்குத் தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும்.

காட்சிகளையும் ஊருக்கு ஏற்றபடி தெரிவு செய்ய வேண்டும். எல்லாப் பாடமும் நெஞ்சு நோவோடு வந்து விழுகிற ஐம்பது வயதுக்காரரிடமே தொடங்குகிறது. நம்முடைய கரையில் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடலில் மூழ்கியவரைத் தூக்கி வருகிறார்கள். அவருக்கு இதயம் நின்றது மூச்சு இல்லாமல் போனதால். அங்கே முதலில் மூச்சுக் கொடுத்துவிட்டுத்தான் அழுத்தத் தொடங்க வேண்டும். தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேரத்தைத் தின்னும், வாந்தி நுரையீரலுக்குள் போகும். இன்னொன்று கட்டுவிரியன் கடி. இரவில் தரையில் பாய் போட்டுப் படுத்தவர், விடியும்போது இமை தூக்க முடியாமல், பேச்சுக் குழறி, மூச்சு மெலிந்து வருகிறார். நாடி இருக்கிறது, நெஞ்சை அழுத்தத் தேவையில்லை. ஆறு விநாடிக்கு ஒரு தடவை அம்பு பையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து வண்டியில் கொண்டு வருகிற தூரம் முழுவதும் நிறுத்தாமல் அழுத்த வேண்டும். அசையாமல் கிடக்கிற அவருக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கலாம், ஆகவே பெயர் சொல்லிப் பேசிக்கொண்டே செய்யுங்கள். இந்தக் காட்சியை மாணவர்களுக்கு வைத்தால் முக்கால்வாசிப் பேர் ஓடி வந்து நெஞ்சை அழுத்தத் தொடங்குவார்கள். நாடி பார்க்கப் பத்து விநாடி எடுக்கக் கற்பது இங்கேதான்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். மாதிரிப் பயிற்சியால் திறமை கூடுகிறது, தயக்கம் குறைகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வைத்தியசாலையில் இதயம் நின்றவர்களில் அதனால் கூடுதலானோர் உயிரோடு வீட்டுக்குப் போகிறார்கள் என்பதற்குச் சான்று அவ்வளவு திடமாக இல்லை. அத்தோடு, பயிற்சிக்குப் பின் "எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது" என்று மாணவர் எழுதித் தருகிற தாளை நான் பெரிதாக எடுப்பதில்லை. நம்பிக்கையும் திறமையும் எப்போதும் சேர்ந்து வளர்வதில்லை. மிகுந்த நம்பிக்கையோடு 3 சென்டிமீற்றர் அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னும் ஒன்று: வாட்டில் இதயம் நிற்கிறவர்களில் பலருக்கு அதற்குச் சில மணி நேரம் முன்பே உடல் சைகை காட்டியிருக்கும். அதில் பல நேரம் மூச்சு வேகம்தான் முதலில் கூடும். எண்ணிப் பார்க்காமலே அட்டையில் எல்லோருக்கும் 20 என்று எழுதிவிட்டுப் போவதும் அதைத்தான். ஒரு நிமிடம் முழுவதும் நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணுகிற பழக்கத்தை, சி.பி.ஆருக்கு மேலாகவே நான் வைப்பேன்.

இப்போது காசு. பாடநெறியைக் கூடாது என்று சொல்லமாட்டேன். நல்ல ஆசிரியர்கள் நடத்துகிறார்கள் என்றால் அங்கே கற்பது வீண் போகாது. ஆனால் இந்த வருடம் கட்ட வேண்டாம். முதலில் மூன்று தோழிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போதனாசிரியையிடம் நால்வராகச் சேர்ந்து போய், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பொம்மையை அரை மணி நேரம் தரும்படி எழுத்தில் கேளுங்கள். நால்வர் கையெழுத்திட்ட கடிதத்தை மறுப்பது கடினம். மறுத்தால், தும்பு இறுக்கி அடைத்த தலையணையைச் சீமெந்துத் தரையில் வைத்துப் பழகுங்கள். ஆழம் அதில் பழகாது. ஆனால் வேகம், முழங்கை மடங்காத நிலை, இரண்டு நிமிடத்தில் ஆள் மாறுவது, பெயர் சொல்லி வேலை கொடுப்பது எல்லாம் பழகும். கைத்தொலைபேசியில் நிமிடத்துக்கு 110 என்று தட்டுகிற தாளச் செயலி ஒன்றை இலவசமாக இறக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒருவர் அழுத்தட்டும், ஒருவர் தலைமாட்டில், ஒருவர் மருந்து வண்டியில், ஒருவர் நேரம் குறிக்கட்டும். அடுத்த சுற்றில் இடம் மாறுங்கள். புதிய வாட்டுக்குப் போகிற முதல் நாளே சிஸ்டரிடம், "இங்கே யாருக்காவது மூச்சு நின்றால் நான் எங்கே நிற்க வேண்டும்?" என்று கேளுங்கள். என்னிடம் அப்படிக் கேட்ட மாணவர் மூவரோ நால்வரோதான். அவர்களின் பெயர் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் கையில் காசு இருந்தால் பாடநெறிக்குப் போங்கள். அப்போது எதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. நான் நிற்காமல் செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பது. நீங்கள் எழுதியபடி பார்த்தால், மூச்சு நின்றதைக் கண்டு சத்தம் போட்டது நீங்கள்தான். அந்தச் சத்தத்துக்குத்தான் மற்றவர்கள் ஓடி வந்தார்கள், அரை நிமிடத்துக்குள் நெஞ்சில் கை வைத்தார்கள். ஆகவே அழுத்தம் உங்களால் தாமதிக்கவில்லை. வைத்தியசாலைக்குள் இதயம் நின்றவர்களில், எல்லாம் சரியாக நடந்தாலும் பெரும்பாலானோரைக் காப்பாற்ற முடிவதில்லை. அவருக்கு என்ன நோய், இதயம் எந்தத் துடிப்பில் நின்றது என்பதையெல்லாம் அறிந்த வாட்டு டொக்டரிடம் போய்க் கேளுங்கள். அன்று கடமையில் இருந்த சிஸ்டரிடமும் பேசுங்கள். ஐந்து நிமிடம் இருந்து நடந்ததை முதலில் இருந்து சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்த இரவுக்குப் பிறகு அங்கே யாரும் யாரோடும் அதைப் பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கும் அது பேச வேண்டிய விடயமாக இருக்கக்கூடும்.